வீட்டு ஆட்கள் கடைசியில்

தன்னை வளர்த்து ஆளாக்கிய பாட்டியின் படுக்கையோரம் உட்காரப் பேத்திக்குக் கிடைத்த நேரம், வியாழக்கிழமை மாலை நான்கிலிருந்து நாலரை வரை. பட்டியலில் அவளுடையது இருபத்தேழாவது பெயர். அவளுக்கு முன்னால் ஒரு டெய்லர், ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர், இரண்டு பால்காரர்கள் (அண்ணன் தம்பி, பேச்சுவார்த்தை கிடையாது, அதனால் வேறு வேறு நாள்), ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், பாட்டியிடம் ஒரு தடவை குடை இரவல் வாங்கியதைத் தவிர வேறெந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பெண்மணி என்று இருபத்தாறு பேர். ஆளுக்கு அரைமணி. மூன்று மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடியும்.

பட்டியலை எழுதியவர் பிரார்த்தனை மன்றத்தின் செயலாளர். ஏதோ அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் அவருக்கு இன்னும் முழுதாக உறைக்கவில்லை. மன்றத்துச் சுவரில் கண்ணாடி போட்டு ஐந்து விதிகள் மாட்டியிருக்கும். நோயாளிக்கு வைத்தியம் சொல்லாதே. அதே நோயில் போனவர்களின் கதையை எடுக்காதே. நோயாளியின் ரொட்டியைத் தின்னாதே. அரைமணி ஆனால் எழுந்திரு. ஐந்தாவது, வீட்டு ஆட்கள் கடைசியில். ஐந்தும் பாட்டி சொல்லி எழுதியவைதான். மன்றத்தில் எல்லோருக்கும் அவள் 'பெரியம்மா'. பெரியம்மா சொன்னதற்கு மேல் செயலாளருக்கு வேதமில்லை.

திங்கட்கிழமை காலையில் பேத்தி அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, நான் அவங்க பேத்தி."

"தெரியும்மா. அதனாலதான் இருபத்தேழு."

"டாக்டர் நாளைக்கோ மறுநாளோன்னு சொல்றார். வியாழக்கிழமை வரைக்கும் தாங்குமான்னு…"

"விதியைப் போட்டதே உங்க பாட்டிதானே? நேத்து ஆஸ்பத்திரில சேர்த்ததும் நானே போய்க் கேட்டேன், 'உங்களுக்கும் பட்டியல் போடணுமா பெரியம்மா'ன்னு. 'வழக்கப்படி போடு'ன்னாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. தனக்குன்னு வந்தப்பக்கூட பாருங்க! என்ன ஒரு மனசு!"

அந்த மனசை நினைத்து அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டியலைத் துடைக்கும் உத்தேசம் மட்டும் அவருக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு ஒரு அனுமதிச் சீட்டுதான். அந்த ஒரு சீட்டும் மன்றத்தின் கையில் இருந்தது. வார்டு வாசலில் நர்ஸம்மா, "உங்க ஆளுங்கதான் வந்து வந்து போறாங்களே, பட்டியல் இருக்குல்ல?" என்று கதவைச் சாத்தினார். சண்டை போட்டிருக்கலாம். ஆனால் எந்த வாயால் போடுவது? பேத்தி பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த டிரைவர் எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று தினமும் டூட்டி சார்ட் போடுகிறவள். மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போகவேண்டும் என்று போன மாதம்தான் ஒரு டிரைவர் வந்து நின்றார். "சார்ட்னா சார்ட்தான் அண்ணே" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லியிருந்தாள். கோடு போடவும் கட்டம் கட்டவும் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே பாட்டிதான். எட்டு வயதில் மன்றத்துப் பட்டியலுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த கை அது.

பாட்டியின் சேவை தொடங்கிய கதை மன்றத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். நாற்பது வருஷத்துக்கு முன் தாத்தா பொது வார்டில் சாகக் கிடந்தார். சுற்றிலும் சொந்தபந்தம், அழுகை, மூக்குச் சிந்தல், யாருக்கு யார் தேநீர் வாங்கித்தரவில்லை என்ற தகராறு. பக்கத்துக் கட்டிலில் ஒருவர், கேட்பாரற்று, தலை கலைந்து, கூரையைப் பார்த்தபடி. பாட்டி தன் முக்காலியை அரை அடி அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். அந்த அரை அடிதான் பின்னால் மன்றமாகி, பட்டியலாகி, ஊரே மூக்கில் விரல் வைக்கும்படி வளர்ந்தது. முக்காலி நகர்ந்ததைப் பற்றித் தாத்தாவுக்கு என்ன அபிப்பிராயம் என்று மட்டும் யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை.

அன்றிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்கு மன்றம், பிறகு ஆஸ்பத்திரி. கடவுளிடம் கெஞ்சும் பழக்கம் பாட்டிக்குக் கிடையாது. கைகூப்பி நின்று, சோம்பேறி அதிகாரியிடம் மனு கொடுப்பதுபோல விவரம் சொல்வாள். "மூணாவது வார்டு, பதினோராவது கட்டில், ஜன்னலோரம். போன வாரமே சொன்னேன்." கட்டில் நம்பர் எதற்கு என்று பேத்தி ஒருமுறை கேட்டாள். "அவருக்கு எத்தனை பேரோ! நாமதான் சரியா வழி சொல்லணும்" என்றாள் பாட்டி. தோள்பையில் மூன்றே சாமான்: பிளாஸ்க், மடக்கு முக்காலி, ஒரு சீப்பு. படுத்துவிட்டவர்களுக்கு முதலில் கலைவது தலைமுடிதான், அதை யாரும் கவனிப்பதில்லை என்பது பாட்டியின் கண்டுபிடிப்பு. ஊரில் பாதிப்பேரின் தலையை ஏதாவது ஒரு படுக்கையில் வைத்துச் சீவிவிட்டிருப்பாள்.

அம்மா போய், அப்பா வேறு ஊரில் வேறு குடும்பம் என்று ஆனபிறகு நாலு வயதில் இந்த வீட்டுக்கு வந்த பேத்திக்கு, பாட்டியின் புண்ணியத்தில் பெரும்பாலும் பங்கு கிடைத்ததில்லை. அதன் செலவில் கிடைத்தது. யாருடைய உறவினரோ வெளியூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தால் அவள் கட்டில் போகும். மழைக்காலத்தில் அவள் போர்வை போகும். "உனக்கென்ன, நீ நல்லாத்தானே இருக்கே?" என்பாள் பாட்டி. அந்த வீட்டில் கவனிக்கப்பட வேண்டுமானால் காய்ச்சலாவது வரவேண்டும் என்று பேத்தி சின்ன வயதிலேயே முடிவு கட்டியிருந்தாள்.

பதினோரு வயதில் அதற்கும் வாய்ப்பு வந்தது. குடல்வால் வீங்கி, இரவோடு இரவாகச் சேர்த்து, காலையில் ஆபரேஷன். கண் விழித்தபோது பக்கத்தில் டெய்லர் உட்கார்ந்திருந்தார். பாவாடைக்கு அளவு எடுக்கட்டுமா என்று கேட்டார். அவருக்குப் பிறகு பூட்டுக்காரர், சாவியில்லாமல் எந்தப் பூட்டை எப்படித் திறப்பது என்று அரைமணி நேரம் பாடம் நடத்தினார். அவருக்குப் பிறகு கணக்கு வாத்தியார். அது ஆபரேஷனைவிட மோசம். எல்லோரும் போனபிறகு, கடைசி அரைமணிக்குப் பாட்டி வந்தாள். "வலிக்குதா?" என்றாள். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து சீப்பைக்கூட எடுக்கவில்லை. அவள் புடவையெல்லாம் சோப்புத்தூள் வாசம். நாளெல்லாம் யாரோ நோயாளிக்குத் துணி துவைத்துப்போட்டுவிட்டு வருகிறாள் என்று பேத்தி நினைத்துக்கொண்டாள். தையல் பத்து நாளில் ஆறிவிட்டது. இது இருபத்துமூன்று வருஷமாக ஆறவில்லை.

அவளுக்கு வேண்டியது ஆசீர்வாதமோ கடைசி வார்த்தையோ இல்லை. ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு நான் வார்டில் கிடந்தபோது நீ யாருடைய துணியைத் துவைத்துக்கொண்டிருந்தாய்? பாட்டி போய்விட்டால் இதைக் கேட்க உலகத்தில் ஆளில்லை.

டிப்போவில் செய்வதைத்தான் செய்தாள்: டூட்டி மாற்றம். திங்கள் சாயங்காலமே டெய்லர் கடைக்குப் போனாள். அவர் தையல் மிஷினை நிறுத்தாமலே தலையாட்டினார்.

"பெரியம்மா என் சம்சாரம் போனப்போ பதினாலு நாள் வந்தாங்கம்மா. நான் ஒரே ஒரு அரைமணி உட்காரப் போறேன். அதைப் போய்க் கேக்குறியே?"

பூட்டுக்காரர் வேறு வழியில் பூட்டினார். "நீ வீட்டு ஆளு. காலம் பூரா பக்கத்துல இருந்தவ. எங்களுக்கு இதான் கிடைச்சுது."

காலம் பூரா பக்கத்தில் இருந்தவள் அடுத்த கதவைத் தட்டப் போனாள். பால்காரர்களில் அண்ணன், தம்பி கொடுத்தால் தானும் கொடுப்பதாகச் சொன்னார். தம்பி, அண்ணன் கொடுத்தால். குடை இரவல் வாங்கிய பெண்மணி, அந்தக் குடையை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்றும் அதற்கு மன்னிப்புக் கேட்க இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்றும் கண்கலங்கினாள். செவ்வாய்க்கிழமையும் போயிற்று. பாட்டி மட்டும் யாருக்கும் பிடிகொடுக்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் அவள் கேட்காமல் மிச்சமிருந்தது, ஐந்து மணிக்கு வரவேண்டிய சலவைக்காரர் ஒருவர்தான். ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இப்போது மகன் வீட்டு மாடியில், வேலையில்லாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேத்தி கேட்டு முடிக்கும் முன்பே சரி என்றார்.

"எடுத்துக்க பாப்பா. நான் வியாழக்கிழமை போய்க்கறேன். பெரியம்மாகிட்ட எனக்கு ஒரு நாள் வேலை பாக்கி இருக்கு."

"என்ன வேலை?"

"உனக்குத் தெரியாதா? உன் ஆபரேஷன் அன்னைக்கு. காலையில ஏழு மணிக்கு சலவைக்கூடத்துக்குள்ள வந்து நின்னாங்க. கையும் ஓடல காலும் ஓடல அவங்களுக்கு. 'ஏதாவது வேலை கொடு'ன்னாங்க. போர்வை மலை மாதிரிக் கிடந்துச்சு, காட்டினேன். சாயங்காலம் வரைக்கும் மடிச்சாங்க. எல்லாத்தையும் மடிச்சு முடிச்சு, பிரிச்சு, மறுபடி மடிச்சாங்க. மறுநாள் எனக்கு வேலையே இல்ல, மேஸ்திரி என்னை சந்தேகமாப் பார்த்தான்."

பேத்தி அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"'மேல போய்ப் பாருங்க பெரியம்மா, குழந்தை கண்ணு முழிச்சிருக்கும்'னு மூணு தடவை சொன்னேன். 'வீட்டு ஆளுங்க கடைசிலதான் போகணும், அதான் விதி'ன்னாங்க. எனக்கு ஒரே ஆச்சரியம். ஏன்னா அதுக்கு முன்னாடி அப்படி ஒரு விதியே இல்ல. நாலுதான் இருந்துச்சு. அடுத்த வாரம்தான் அஞ்சாவதா எழுதி ஒட்டினாங்க."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த விதி. வருஷாவருஷம் மன்றத்தில் ஒருவர் எழுந்து தியாகம், பற்றறுத்தல் என்று அரைமணி பேசும் விதி. அது, பயந்துபோன ஒருத்தி சலவைப் போர்வைகளுக்கு நடுவில் நின்று வாய்க்கு வந்தபடி சொன்ன சாக்கு. பேத்திக்குச் சிரிப்பு வந்தது. மாடிப்படி இறங்குகையில் சிரிப்புதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஐந்து மணிக்கு வார்டுக்குள் போனாள். பாட்டி தலையணையில் பாதி ஆளாகக் கிடந்தாள். இருபது பேர் வந்துபோயும் ஒருவருக்கும் தோன்றவில்லை, தலை கலைந்திருந்தது. பாட்டி கண்ணைத் திறந்து, பார்த்து, முதலில் கேட்டது நலமா என்றல்ல.

"உன் முறை நாளைக்கில்ல?"

"மாத்திக்கிட்டேன்."

"யாரு கொடுத்தா?"

"சலவைக்காரர்."

பாட்டி கண்ணை மூடிக்கொண்டாள். "அவன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்க மாட்டானே."

"இல்ல. சொல்லிட்டார்."

பேத்தி பாட்டியின் பையைத் துழாவிச் சீப்பை எடுத்தாள். நெற்றியிலிருந்து பின்னால், சிக்கு இழுக்காமல், ஊரார் தலையை வாருவதற்குப் பாட்டி எப்படிச் செய்வாளோ அப்படி.

"பயமா இருந்துச்சுடி," என்றாள் பாட்டி. "உங்கம்மா போனது அதே வார்டு. நீயும் அங்கயே கிடந்தா நான் எப்படி வந்து உக்காருவேன்? அடுத்த வீட்டுக்காரன்னா எனக்குக் கை நடுங்காது. எத்தனை பேர் வேணா சாகட்டும், நான் உக்காருவேன். உங்க தாத்தாவையே நான் நேராப் பார்க்கல. பார்க்க முடியாமதான் பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பிக்கிட்டேன். அதைப் போய் சேவைன்னுட்டாங்க. சேவைன்னு சொன்னப்புறம் நிறுத்த முடியுமா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு சொல்றது? ஊருக்கெல்லாம் தைரியம் சொல்றவ வீட்டுல கோழைன்னா?" பாட்டி இருமினாள். "இப்பவும்தான். அதான் வழக்கப்படி போடுன்னு அவன்கிட்ட சொன்னேன். வியாழக்கிழமைக்குள்ள போயிடலாம்னு பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்துக்கிட்டே போறது என்னால ஆகாது."

இருபத்துமூன்று வருஷக் கோபம் எங்கே போயிற்று என்று பேத்தி தேடினாள். அது அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைக் காட்டுவதற்கு இனி ஆள் இல்லை. எதிரே கிடந்தது, ஒரு பதினோரு வயதுப் பெண்ணின் கட்டிலருகே வரத் துணியாமல் சலவைக்கூடத்தில் பதுங்கிய ஒருத்தி. அவளை எப்படித் திட்டுவது என்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. அதைவிடப் பிரியமாக இருந்தது. அதைச் சொல்லவும் செய்தாள். "உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும் பாட்டி. எரிச்சலா வரும், ஆனா பிடிக்கும்."

பாட்டி அழுதாள். நாற்பது வருஷத்தில் ஆஸ்பத்திரிக்குள் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. பேத்தியும் அழுதாள். எது நடக்கக்கூடாதென்று வீட்டு ஆட்களைக் கடைசியில் போட்டார்களோ அது ஜாம்ஜாமென்று நடந்தேறியது.

ஐந்தரைக்குக் கதவு திறந்தது. கணக்கு வாத்தியார், கையில் கடிகாரத்தோடு. பேத்தி எழுந்திருக்கவில்லை. ஒரு நிமிஷம் தாமதமான வண்டிக்கும் விளக்கம் கேட்டு எழுதி வாங்குகிறவள், சீப்பைப் பிடித்தபடி, "வண்டி லேட் சார், கொஞ்சம் இருங்க" என்றாள். வாத்தியார் வாசலில் பதினேழு நிமிஷம் நின்றார். செயலாளரிடம் அதைப் புகாராகவும் கொடுத்தார்.

வியாழக்கிழமை நாலு மணிக்குச் சலவைக்காரர் போனார். நாலு பத்துக்குப் பாட்டி போய்விட்டாள். பேத்தி அப்போது டிப்போவில் மாலை வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தாள். நினைத்ததைச் சாதிக்காமல் விடும் பழக்கம் பாட்டிக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

"கடைசியா ஏதாவது சொன்னாங்களா?" என்று பேத்தி கேட்டாள்.

சலவைக்காரர் தயங்கினார். "போர்வை ஓரம் கோணலா இருக்குன்னாங்க. சரி பண்ணிவிட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் நினைவுக்கூட்டம். மேடை மேஜையில் வெள்ளை விரிப்பு, பாட்டியின் படம், பக்கத்தில் மடக்கு முக்காலி. டெய்லர் பேசினார், பூட்டுக்காரர் பேசினார், பால்காரர்கள் தனித்தனியாகப் பேசினார்கள். குடைப் பெண்மணி குடையைக் கொண்டுவந்து முக்காலிமேல் வைத்துவிட்டு அழுதாள். கடைசியில் செயலாளர் எழுந்தார்.

"சொந்தப் பேத்தி ஆபரேஷன் முடிஞ்சு கிடக்கறப்போகூட, அன்னைக்கும் வேற யாருக்கோ சேவை செஞ்சுட்டுக் கடைசியாத்தான் போனாங்க! சொந்தம்னு ஒரு இம்மி அசையலை! அந்த ஐந்தாவது விதியைக் கல்லில் செதுக்கி மன்றத்து வாசலில் பதிக்கிறதுன்னு கமிட்டி முடிவு பண்ணியிருக்கு!"

கைதட்டல் ஓயவே இல்லை. பேத்தியை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் எழுந்து சுவரிலிருந்த சட்டத்தைப் பார்த்தாள். நாலு விதிகள் ஒரு மையில், ஐந்தாவது வேறு மையில். இத்தனை வருஷமாக அது யார் கண்ணிலும் படவில்லை. கடைசி வரிசையில் சலவைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சொன்னால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் கோழை என்று ஊருக்குத் தெரியக்கூடாது என்று நாற்பது வருஷம் ஓடி ஓடி உழைத்தவள் பாட்டி.

"எல்லாரும் சரியாத்தான் சொன்னீங்க," என்றாள் பேத்தி. "எங்க பாட்டி அப்படித்தான்."

உட்கார்ந்துவிட்டாள். அடக்கமான பெண் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கும்போது, சலவைக்காரர் மேஜையிலிருந்து விரிப்பை எடுத்து ஒரு முனையை அவளிடம் நீட்டினார். இருவரும் எதிரெதிரே நின்று இழுத்துப் பிடித்தார்கள். பாதி, அதில் பாதி, நெருங்கி வந்து ஓரத்தோடு ஓரம் சேர்த்தார்கள். ஒரு சுருக்கம் இல்லாமல் வந்திருந்தது. வாங்கி வைக்க அவர் கையை நீட்டினார்.

பேத்தி கொடுக்கவில்லை. உதறிப் பிரித்தாள். அவர் எதுவும் கேட்காமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.